கோட்டை கார்கில்ஸ் கட்டடம்: 1684ஆ, 1844ஆ, 1906ஆ?

ஊவாக்காற்று (பண்டாரவளை):

வணக்கம். எங்கள் பாடசாலையின் தரம் பத்து மாணவர்களை அடுத்த தவணையில் கொழும்புக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். நூதனசாலை, துறைமுகம், காலிமுகத்திடல் என்ற வழக்கமான இடங்களோடு, கோட்டையில் உள்ள பழைய வணிகக் கட்டடங்களையும் ஒரு மணி நேரம் நடந்து பார்க்கலாம் என்று எண்ணி, பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதினேன். அதில் யோர்க் வீதியிலுள்ள கார்கில்ஸ் கட்டடத்தைப் பற்றி, "1844இல் கட்டப்பட்டது, வெள்ளைக்காரத் துரைமாருக்கான கடை" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் அதைப் படித்துவிட்டு ஆண்டு பிழை என்றார். சரியான ஆண்டு எது என்று கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. அந்தக் கட்டடத்தில் 1684 என்று பொறித்த கல் ஒன்று இருக்கிறதே என்று வேறொருவர் சொல்லி, இருந்த குழப்பத்தை இரட்டிப்பாக்கினார்.

இன்னொரு கேள்வியும் உண்டு. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். "இந்தக் கட்டடத்துக்கும் எங்களுக்கும் என்ன சேர் தொடர்பு?" என்று யாராவது கேட்டால், அதற்கு வீதியில் நின்றபடி நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழங்கணக்கு (கொழும்பு, ஊர் அட்டன்):

மூன்று ஆண்டுகளும் சரியானவையே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளுக்கு உரியது என்பதை மட்டும் பிரித்துக்கொண்டால் போதும். 1684 கல்லின் ஆண்டு, 1844 வியாபாரத்தின் ஆண்டு, 1906 இன்று நாம் பார்க்கின்ற கட்டடம் திறக்கப்பட்ட ஆண்டு.

கல்லிலிருந்து தொடங்குகிறேன். யோர்க் வீதியும் பழைய பிரின்ஸ் வீதியும், அதாவது இன்றைய சேர் பாரன் ஜயதிலக்க மாவத்தையும், சந்திக்கும் அந்த மூலை ஒல்லாந்தர் காலத்தில் ஒரு வீட்டு மனையாக இருந்தது. காலியின் ஒல்லாந்தத் தளபதியாக இருந்த பீட்டர் ஸ்லைஸ்கென் அங்கு குடியிருந்தார். 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, 1798 முதல் 1805 வரை ஆளுநராக இருந்த ஃபிரெடெரிக் நோர்த்தும் அதே வீட்டில் வாழ்ந்தார். வீடு போய்விட்டது. 1684 என்று பொறித்த கல்லும், ரோமர்கள் அறிவுக்கும் கைத்தொழிலுக்கும் உரிய தெய்வமாகக் கொண்டாடிய மினர்வாவின் மரச் சிற்பமும் அந்தக் காலத்தின் மிச்சமாகக் கட்டடத்தில் வைக்கப்பட்டன. ஸ்லைஸ்கென் வாழ்ந்ததோ பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்பதால், அந்தக் கல் அவரைவிட ஏறத்தாழ நூறு வயது மூத்தது என்பதைக் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கண்டுபிடிக்கும். வீட்டைக் கட்டியவர் அவர்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து 1844. அந்த ஆண்டில் வில்லியம் மில்ன், டேவிட் சைம் கார்கில் என்ற இரண்டு ஸ்கொட்லாந்துக்காரர்கள் சேர்ந்து இறக்குமதியும் மொத்த வியாபாரமும் செய்யும் ஒரு பண்டசாலையைத் தொடங்கினார்கள். கொழும்பில் தொடங்கினார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவர்கள் கடை விரித்த இடம் கண்டி. அப்போது ரயில் கிடையாது. கண்டி வீதியில் மாட்டு வண்டிகள் கோப்பியை ஏற்றிக்கொண்டு இறங்கும்; திரும்பும்போது அரிசியும் சாமானும் ஏற்றிக்கொண்டு மலையேறும். கடையை மலையில் போட்டதற்குக் காரணம் வாங்குகிற ஆள் மலையில் இருந்ததுதான். காட்டை அழித்துக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த துரைமாருக்குச் சப்பாத்திலிருந்து மருந்து வரைக்கும் எல்லாமே கப்பலில் வர வேண்டியிருந்தது. கொழும்புக் கடை அதற்குப் பின்னர் வந்ததே.

அந்தக் கார்கில் பிற்பாடு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி, 1886இல் பர்மா ஒயில் கம்பனியைத் தொடங்கியவர். மண்ணெண்ணெய் வரலாற்றில் அவருடைய பெயர் பெரிய பெயர். 1904இல் காலமானார். யோர்க் வீதியில் தம் பெயரைத் தாங்கி எழுந்துகொண்டிருந்த கட்டடம் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் போய்விட்டார்.

கட்டடத்தை வரைந்தவர் எட்வர்ட் ஸ்கின்னர் என்ற கட்டடக் கலைஞர். 1902இல் வேலை தொடங்கியது, 1906இல் கடை திறந்தது. கட்டிக் கொடுத்தது வோக்கர் சன்ஸ் கம்பனி. இதே ஸ்கின்னர் வரைந்த இன்னொரு கட்டடத்தையும் பிள்ளைகளுக்குப் பஸ்ஸிலிருந்தபடியே காட்டலாம்: லிப்டன் சுற்றுவட்டத்தருகே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நிற்கின்ற பழைய விக்டோரியா கண் மருத்துவமனை. அதுவும் 1906இல் திறக்கப்பட்டதே. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால், ஒரு மனிதனுடைய கை இரண்டு இடத்தில் எப்படி வேலை செய்தது என்பது விளங்கும்.

மலைச்சுனை (நுவரெலியா):

இடையில் ஒரு சிறு சந்தேகம். அமெரிக்காவில் தானியமும் மாட்டுத் தீவனமும் விற்கின்ற கார்கில் என்ற மாபெரும் கம்பனி இருக்கிறதே, அதனுடைய கிளைதானா இது? எங்கள் வங்கியில் வேலை செய்யும் ஒரு தம்பி அடித்துச் சொல்கிறார்.

பழங்கணக்கு:

இல்லை. அது 1865இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேறொரு கார்கில் குடும்பத்தவர் தொடங்கியது. நம்முடையது அதைவிட 21 வயது மூத்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற மயக்கம்.

ஸ்டோர்க்காரன் (தலவாக்கலை):

வோக்கர் என்ற பெயரைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் முப்பத்து நான்கு வருடம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்து, டீமேக்கராக ஓய்வு பெற்றவன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: தோட்டத்தில் ஸ்டோர் என்றால் கடை என்று பொருளில்லை, தேயிலைத் தொழிற்சாலை. நான் முதன்முதலில் வேலை பழகிய ஸ்டோரில் கொழுந்து அரைக்கின்ற ரோலர்களின் இரும்புச் சட்டத்தில் அந்தக் கம்பனியின் பெயர் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும். இரவு வேலையில் தூக்கம் வரும்போது அந்த எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். இரும்பு வெதுவெதுப்பாக இருக்கும், ரோலர் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்து கைக்குள் நடுங்கும்.

அந்தக் கம்பனியின் கதையும் கண்டியில்தான் தொடங்குகிறது. ஜோன் வோக்கர் என்பவர் 1854இல் கண்டியில் பட்டறை போட்டு, கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரம் செய்து தோட்டங்களுக்கு விற்றார். 1869இல் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது, அதே கம்பனி தேயிலை இயந்திரத்துக்கு மாறிக்கொண்டது. கூடவே கொழும்பில் கட்டட வேலையும் எடுத்தது. ஆகவே பழங்கணக்கு ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சேர்: அந்தக் கட்டடத்தில் வியாபாரம் நடத்தியவனும் கண்டியில் கடை போட்டவன், அதைக் கட்டிக் கொடுத்தவனும் கண்டியில் பட்டறை போட்டவன். இருவருக்கும் முதல் காசு கோப்பித் தோட்டத்திலிருந்து வந்தது.

கார்கில்ஸோடு எனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் அறையில், சாமித்தட்டு என்பது ஒரு மரப்பெட்டி. துரை பங்களாவுக்கு ரயிலில் சாமான் வந்த பெட்டி அது. பங்களாவில் சமையல் வேலை செய்த என் தாத்தாவுக்கு வெறும் பெட்டியாகக் கிடைத்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே முருகன் படமும் மாரியம்மன் படமும் வைத்திருந்தார்கள். கவிழ்த்துப் போட்டதால் பக்கப் பலகையில் கறுப்பு மையில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்துகள் தலைகீழாக இருந்தன. எழுத்து தெரியாத வயதிலிருந்து விளக்கு வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டு வளர்ந்தேன். பத்து வயதில் அப்பா என்னைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, யோர்க் வீதியில் அந்தக் கட்டடத்தின் நெற்றியில் அதே எழுத்துகளைக் கண்டேன். "அப்பா, நம்ம சாமிப்பெட்டி எழுத்தைத் தலைகீழா எழுதியிருக்காங்க" என்று சொன்னேனாம். அப்பா சாகிற வரைக்கும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

தெல்தோட்டை வாசகி:

ஸ்டோர்க்கார அண்ணனின் பெட்டிக் கதையை இரண்டு முறை வாசித்தேன். ஆனால் இந்த உரையாடல் போகிற போக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. சிவப்புச் செங்கல், வளைந்த தூண்வரிசை, மினர்வா தேவி என்று வியந்துகொண்டே போனால், "துரைமாருக்கான கடை" என்று ஆசிரியர் எழுதிய அந்த ஒரு வரியில் இருந்த உண்மையும் கழன்று விழுந்துவிடும். அது துரைமாருக்கான கடையே. பெட்டி நம் வீட்டுக்கு வந்தது, வெறும் பெட்டியாக வந்தது.

அந்தக் கட்டடம் எழுந்துகொண்டிருந்த 1902க்கும் 1906க்கும் இடைப்பட்ட காலத்தில் தோட்ட வேலைக்கு நம்முடைய ஆட்கள் இந்தியாவிலிருந்து எப்படி வந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தலைமன்னார் ரயில் பாதை 1914இல்தான் திறந்தது. அதற்கு முன்னர் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கியவர்கள், ராகமை முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து ரயிலில் மலைக்கு அனுப்பப்பட்டார்கள். துறைமுகத்துக்கும் யோர்க் வீதிக்கும் எவ்வளவு தூரம்? நடந்தால் ஐந்து நிமிடம். சாரம் கட்டி நின்ற அந்தக் கட்டடத்தைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு இறங்கியவர்களுக்கு, தங்கள் கழுத்தில் ஏறிய கடன் மட்டும் தெரிந்திருக்கும். ஆள் திரட்டிக்கொண்டு வந்த கங்காணியிடம் பட்ட கடனைச் சீட்டில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றுகிற துண்டு முறை 1921 வரைக்கும் சட்டப்படி இருந்தது. குறைந்தபட்சக் கூலி என்ற ஒன்று 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடைமுறைக்கு வந்தபோது, மேல்நாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வைத்தார்கள். அதுவும் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால், மழையில் மலைக்குப் போய்க் கணக்குக்குரிய கொழுந்தைக் கொடுத்தால். என் பாட்டியின் தாயார் அந்த 32 சதக் கணக்கில் வேலைக்குப் போனவர்.

கண்ணாடி அலமாரியின் அழகைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த அலமாரியை நிரப்பிய காசு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள் என்கிறேன்.

பழங்கணக்கு:

வாசகி அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியதில் அது விடுபட்டிருந்தது. அதை நிரப்பும் முறையில், கட்டடம் ஏன் அந்த இடத்தில், அந்தக் காலத்தில், அவ்வளவு பெரிதாக எழுந்தது என்பதை எழுத முயல்கிறேன். அக்காவின் கேள்விக்கும் ஆசிரியரின் மாணவர்கள் கேட்கப்போகிற கேள்விக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1869 என்ற ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. மலையில் கோப்பி இலையில் துரு விழுந்தது. எகிப்தில் சுயெஸ் கால்வாய் திறந்தது. கொழும்பில் கோட்டையின் மதில்களை இடிக்கத் தொடங்கினார்கள். அதுவரைக்கும் கோட்டை என்பது பெயருக்கேற்றபடி அரண். மதில் போனதும் அது வியாபாரத் தெருக்களாக மாறியது. கால்வாய் வழியாக வந்த நீராவிக் கப்பல்கள் முதலில் காலியில் நின்றன. 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது முடிந்தபோது, கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டன. இறங்குதுறையிலிருந்து வெளியே வருகிற பயணியின் கண்ணில் முதலில் படும் தெரு யோர்க் வீதி. அதன் தலைமாட்டில் 1875இலேயே கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் திறந்துவிட்டது. அந்தத் தெருவில் மூலை மனை கிடைத்தவனுக்குக் கப்பல் பயணியும் வாடிக்கையாளன்.

ஆனால் கப்பல் பயணி ஒரு நாள் நின்று போகிறவன். ஆண்டு முழுக்க, மாதக் கணக்கு வைத்து, பற்றெழுதி வாங்குகிறவன் தோட்டத்துத் துரை. அவனுக்குச் சாமான் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள்: ரயில் 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் உங்கள் பண்டாரவளை. ஒவ்வொரு நிலையம் திறக்கும்போதும் ஒரு பள்ளத்தாக்கின் பங்களாக்கள் கொழும்புக் கடையின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. கடிதம் எழுதிப் போட்டால் பெட்டி ரயிலில் வரும். நிலையத்திலிருந்து பங்களாவுக்கு அதைத் தலையில் சுமந்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோர்க்காரன் ஐயா வீட்டுச் சாமித்தட்டு அந்த வழியில் வந்தது.

கோப்பியின் வீழ்ச்சியில் எத்தனையோ கம்பனிகள் படுத்துவிட்டன. தேயிலை அந்த இடத்தைப் பிடித்ததும், 1883 ஜூலை 30 அன்று கோட்டையில் முதல் பொதுத் தேயிலை ஏலம் நடந்தது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்குள், தேயிலையை விற்கும் அலுவலகம், அதற்குக் கடன் கொடுக்கும் வங்கி, அதை ஏற்றும் கப்பல் கம்பனி, விற்ற காசைச் செலவழிக்கும் கடை என்று நான்கும் கூப்பிடு தூரத்தில் வந்து அமர்ந்தன. 1902இல் அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அடிக்கல் வைக்கும் துணிவு எங்கிருந்து வந்தது என்றால், இருபது ஆண்டுத் தேயிலை விளைச்சலிலிருந்து வந்தது. வாசகி அக்கா சொன்ன நாட்கூலிக் கணக்கும் துரை வாங்கிய பொருளின் மாதக் கணக்கும் ஒரே தோட்டத்தின் செலவில் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தைச் சுருக்கினால் மற்றது நீளும்.

தெல்தோட்டை வாசகி:

இப்படி எழுதினால் எனக்கு வழக்கில்லை. ஒரு சொல் மட்டும் கூட்டுகிறேன்: லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை வைத்தார் என்பதை எங்கள் ஊர்ப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். வைத்தவர் அவர். குழி வெட்டியவர்களுக்குப் பெயரில்லை. யோர்க் வீதியிலும் வரைந்தவர் பெயர் இருக்கிறது, கட்டிய கம்பனி பெயர் இருக்கிறது. செங்கல் அடுக்கியவர்கள் யார் என்று எங்கும் எழுதவில்லை.

ஊவாக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது. நடைமுறைக் கேள்வி ஒன்று: நாற்பது பிள்ளைகளோடு போனால் அங்கே எதை, எங்கே நின்று பார்ப்பது? உள்ளே போக முடியுமா?

மலைச்சுனை:

கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த நிலையக் கட்டடமே 1917இல் எழுந்தது, கார்கில்ஸுக்குத் தம்பி. யோர்க் வீதிக்குள் வந்ததும், முதலில் எதிர்ப்பக்க நடைபாதையில் பிள்ளைகளை நிறுத்துங்கள். கிட்டப் போய்விட்டால் முகப்பு தெரியாது. சிவப்புச் சுவரும் அதற்குக் கோடு போட்டது போன்ற வெள்ளை வேலைப்பாடும், மேலே பெயரும் முழுமையாகத் தெரிவது அங்கிருந்துதான். பிறகு வீதியைக் கடந்து தூண்வரிசைக்குள் வாருங்கள். கொழும்பு வெயிலுக்கும் மழைக்கும் கட்டிய பகுதி அது: கடைக்குள் நுழையாமலே கட்டடத்தின் நீளம் முழுக்க நிழலில் நடக்கலாம். கண்ணாடிக் காட்சி அலமாரிகளின் அகலத்தைப் பார்த்தாலே, பொருளை வெளியிலிருந்தே காட்டி ஆளை உள்ளே இழுக்கிற வித்தை அந்தக் காலத்திலேயே இருந்தது தெரியும். அடுத்தாற்போல் மில்லர்ஸ் கட்டடத்தையும் காட்டலாம். அதுவும் அதே வகைப் பெருங்கடையாக இருந்தது.

மேல்மாடிகளை எதிர்பார்க்காதீர்கள். கீழ்த்தளத்தில் இயங்குகிற கடைக்குள் யாரும் போகலாம், தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு வரலாம்.

நான் அங்கே முதன்முதல் போனது மோசமான ஒரு காலத்தில். 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் குண்டு வெடித்து, தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு ஒக்டோபரில் உலக வர்த்தக மையத்தின் அருகே இன்னொரு குண்டு. அதற்குப் பிறகு கோட்டையில் பல வீதிகளுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஒரு நகரத்தின் நடுநெஞ்சில் பட்டப்பகலில் காலடிச் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. நான் நேர்முகப் பரீட்சை ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், அந்தத் தூண்வரிசையில் மழைக்கு ஒதுங்கினேன். சீருடையில் வந்த ஒருவர் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, நுவரெலியாக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று மூன்று விதமாகக் கேட்டார். மழை என்று மூன்று முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். அட்டையைத் திருப்பித் தருவதற்குள் மழையே விட்டுவிட்டது. வியாபாரம் அந்தத் தெருவை விட்டுப் போனதற்கு அந்த ஆண்டுகள் ஒரு பெரிய காரணம். வாடிக்கையாளன் வர முடியாத தெருவில் அலமாரிக்கு என்ன வேலை?

பழங்கணக்கு:

அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் அதுவில்லை. அதற்கு முன்பே கடையின் தன்மை மாறிவிட்டது. இதைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் இதை ஒரு செத்துப்போன வெள்ளைக்காரக் கடையின் கூடு என்று நினைத்துவிடுவார்கள்.

1946இல் கார்கில்ஸ் பொதுக் கம்பனியாகப் பதிவானபோது, அதன் தலைவராக வந்தவர் சேர் சிற்றம்பலம் கார்டினர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸைத் தொடங்கிச் சினிமாத் தொழிலை நடத்திய தமிழர். கொழும்பில் அவர் பெயரால் ஒரு மாவத்தையே இருக்கிறது. முன்னாளில் அது பார்சன்ஸ் வீதி. சுதந்திரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கட்டடத்தின் தலைமை நாற்காலியில் உள்நாட்டவர் ஒருவர் அமர்ந்துவிட்டார் என்பது கவனிக்க வேண்டியது. 1981இல் அதே சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியின் பெரும்பங்கை வாங்கியது. 1983இல் ஸ்டேபிள்ஸ் வீதியில் முதல் ஃபூட் சிட்டி பல்பொருள் அங்காடி திறந்தது. அதோடு வியாபாரத்தின் உருவமே வேறு: ஒரு தலைநகர மூலையில் ஒரு பெரிய கடை என்பது போய், ஊருக்கு ஊர் சிறு கடைகள் என்றாகிவிட்டது. நாடெங்கும் கடை வந்த பின்னர், உச்சிக் கட்டடம் என்று ஒன்று தேவைப்படவில்லை.

சுற்றி வந்ததைப் பாருங்கள். 1990களின் கடைசியில் அவர்கள் ஹங்குராங்கெத்தவில் மரக்கறி வாங்கும் நிலையம் போட்டார்கள். கப்பலில் வந்த தகரப் பாலையும் உப்பிட்ட பன்றி இறைச்சியையும் மலைக்கு ஏற்றிய வியாபாரம், மலையிலிருந்து கரட்டையும் கோவாவையும் லீக்ஸையும் கீழே இறக்கத் தொடங்கியது. கண்டியில் தலதா வீதியில் இன்றும் அவர்களுடைய கடை இருக்கிறது. அன்று பற்றெழுதித் துரைமார் வாங்கியதுபோல் இப்போது யாரும் வாங்குவதில்லை. வரிசையில் நின்று காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள், துரை வீட்டாரும் தொழிலாளி வீட்டாரும்.

தெல்தோட்டை வாசகி:

வரிசை ஒன்றுதான், கூடையில் இருப்பது ஒன்றில்லை. அதையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆசிரியர் தம்பி, குறிப்பைத் திருத்தி எழுதியதும் இங்கே போடுங்கள்.

ஊவாக்காற்று:

திருத்திய பகுதி இது. பிழை இருந்தால் சொல்லுங்கள்:

"யோர்க் வீதியில் நீங்கள் பார்க்கும் இந்தச் சிவப்புக் கட்டடம் 1906இல் திறக்கப்பட்டது, வரைந்தவர் எட்வர்ட் ஸ்கின்னர், கட்டியது வோக்கர் சன்ஸ் கம்பனி. கடையின் வயது கட்டடத்தின் வயதைவிட 62 ஆண்டுகள் கூடியது: 1844இல் அது கண்டியில் தொடங்கியது. கோப்பித் தோட்டங்களுக்குச் சாமான் விற்றுப் பிழைத்த கடை, தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் விற்று இந்த உயரத்துக்கு வந்தது. இதற்குள் வந்து வாங்கியவர்கள் தோட்டத்துத் துரைமார்களும் கப்பல் பயணிகளும். அவர்கள் செலவழித்த பணத்தை விளைவித்தவர்கள் மலையில் இருந்தார்கள். அவர்களில் பலர் இங்கிருந்து ஐந்து நிமிட நடைத் தூரத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கினார்கள். 1684 என்ற கல் இதற்கு முன்பிருந்த ஒல்லாந்தர் கால வீட்டின் மிச்சம்."

செங்கல் அடுக்கியவர்களின் பெயர் எங்கும் இல்லை என்று வாசகி அக்கா சொன்னதை எழுத்தில் போடாமல், அந்த இடத்தில் நின்று வாயால் கேட்கலாம் என்று இருக்கிறேன்: "இந்தக் கட்டடத்தில் எத்தனை பேருடைய பெயர் எழுதியிருக்கிறது, தேடிப் பாருங்கள்."

ஸ்டோர்க்காரன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால், பயணத்துக்கு முன்னர் வகுப்பில் ஒரு நாள் வைத்துக் காட்ட இரவல் தர முடியுமா? நானே தலவாக்கலைக்கு வந்து எடுத்துக்கொண்டு போய், கையோடு திருப்பிக் கொண்டுவந்து தருகிறேன்.

பழங்கணக்கு:

குறிப்பு சரியாக இருக்கிறது. "சாமான் விற்றுப் பிழைத்த கடை" என்பதை மட்டும் "சாமான் விற்று வளர்ந்த கடை" என்று மாற்றுங்கள். அவர்கள் பிழைப்புக்கு என்றும் முட்டுப்பாடு இருக்கவில்லை.

ஸ்டோர்க்காரன்:

பெட்டி இருக்கிறது, சேர். லயத்தை விட்டு இந்தத் தனி வீட்டுக்கு வந்தபோது, கட்டிலுக்கு முன்னால் அதைத்தான் அம்மா லொறியில் ஏற்றினார். ஒரு பக்கம் கறையான் தின்றிருக்கிறது, எழுத்துள்ள பலகை மட்டும் எண்ணெய் ஊறி இரும்பு மாதிரி இருக்கிறது.

இரவல் விஷயமாக அம்மாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எண்பத்தாறு வயது. சாமியை இறக்கிக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை வெளியே கொடுக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். நீங்கள் பிள்ளைகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து படம் எடுத்துக்கொள்ளலாமாம். செவ்வாய், வெள்ளி மட்டும் வேண்டாம், அன்றைக்குப் பூசை இருக்கும். சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெட்டியை நிமிர்த்தி வைக்க அம்மா விட மாட்டார். எழுத்தை வாசிக்க வேண்டுமென்றால் அவர்கள்தான் குனிந்து தலையைத் திருப்ப வேண்டும்.